தேருக்கு முட்டுக்கட்டை, தோழனுக்கு நல்வார்த்தை

எமது ஆலயத் தேர்த்திருவிழாவன்று வடம் பிடிப்பதற்கு முந்துவோர் பலர். வெளிநாடுகளிலிருந்து வந்து நிற்கும் உறவுகளும், கொழும்பிலிருந்து விடுமுறை எடுத்து வந்தவர்களும், ஊரிலுள்ள இளைஞர்களும், தாய்மாரும் ஒன்றாய் நின்று வடத்தைத் தொடும்போது ஏற்படும் மெய்சிலிர்ப்பு சொல்லில் அடங்காது. அரோகரா ஒலி வானைப் பிளக்கும். எல்லோருடைய கண்களும் மேலே, அலங்காரத்தோடு எழுந்தருளியிருக்கும் பெருமானை நோக்கியே இருக்கும்.

ஆனால் அந்நேரத்தில் மேலே பாராமல் கீழேயே பார்த்தபடி சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து வருகின்ற மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கையில் இருப்பது ஒரு மரக்கட்டை. தேர் ஒரு பக்கம் இழுபட்டால் அந்தப் பக்கத்துச் சில்லுக்குக் கட்டையைக் கொடுத்துத் திருப்புவார்கள். வேகம் மிஞ்சினால் இரு பக்கமும் கொடுத்து நிறுத்துவார்கள். நூற்றுக்கணக்கானோர் "இழு, இழு" என்று ஆர்ப்பரிக்கும்போது "பொறுங்கோ" என்று கையை உயர்த்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் இல்லையேல் தேர் இருப்பிடம் வந்து சேராது.

நாளாந்தப் பேச்சிலே "முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் நல்ல காரியத்தைக் கெடுக்கிறான் என்று பொருள் கொள்கிறோம். தேர்வீதியில் நின்று பார்த்தால் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் தெரியும். ஓடுவதைக் காப்பதற்காகவே நிறுத்துகின்ற கட்டை அது. இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பரிபாலன சபையினர் கேட்டபோது, அந்தக் கட்டையைப் பற்றியே எழுத வேண்டும் என்று மனம் சொல்லிற்று. அதற்கு ஒரு காரணம் உண்டு.

வாய்வரை வந்த சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பூங்காவனத் திருவிழா முடிந்த இரவு, என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள் ஒரே மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் புறப்பட்டார்கள். நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. தலைக்கவசம் ஒன்று மாத்திரம் இருந்தது, அதுவும் கைபிடியில் தொங்கியது. புதிதாகக் காப்பற் இடப்பட்ட வீதி. வண்டியும் புதியது. வெளிநாட்டிலிருக்கும் மாமன் அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டி. அதற்கு முதல் மாதம்தான் எங்கள் பிள்ளையார் வாசலில் சந்தனம் சாத்தி, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்து எடுத்தார்கள். வீதியின் நடுவே ஒரு கட்டாக்காலி மாடு படுத்திருந்தது.

வண்டியை ஓடிய பிள்ளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே இறைவனடி சேர்ந்தான். பின்னால் இருந்தவன் ஒரு காலில் கம்பி வைத்துத் தப்பினான்.

செத்தவீட்டில் நான் அந்தத் தாய்க்கு எந்த வார்த்தையும் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, ஊன்றுகோலுடன் என் வீட்டுப் படியேறிய மற்றப் பிள்ளை சொன்னதுதான் இன்றுவரை என்னை விட்டகலவில்லை. "சேர், சந்தியிலேயே எனக்குப் பயம் வந்திட்டுது. 'மெல்லமாப் போ மச்சான்' எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பயந்தாங்கொள்ளி எண்டு நினைப்பான் எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான் சேர். நான் சொன்னா அவன் கேப்பான்."

அவனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும்? "உன்னில் பிழையில்லை" என்று சொன்னேன். அது அவனுக்கு ஆறுதலாகவும் இருக்கவில்லை, முழு உண்மையாகவும் எனக்குத் தோன்றவில்லை. அன்று விட்ட குறையை இன்று எழுதித் தீர்க்க முயல்கிறேன்.

கேள்வி இதுதான். வண்டியின் கைபிடி ஒருவனுடைய கையில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டுபவனும் குறைப்பவனும் அவனே. அப்படியிருக்க, பின்னால் இருப்பவனுக்கு அறக்கடமை ஏதும் உண்டா? உண்டென்றால் அது எவ்வளவு?

சட்டம் பார்ப்பதும் அறம் பார்ப்பதும்

சட்டம் பெரும்பாலும் சாரதியையே பார்க்கிறது. அனுமதிப்பத்திரம் அவனுடையது, தண்டப்பணம் அவனுடையது, நீதிமன்றக் கூண்டும் அவனுடையது. பின்னால் இருப்பவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதோடு அவரைச் சட்டம் ஏறக்குறைய விட்டுவிடுகிறது. அது நியாயமே. செய்யாத செயலுக்கு ஒருவரைத் தண்டித்தல் ஆகாது.

அறம் இன்னொரு படி இறங்கிப் பார்க்கும். எங்கள் சைவ சமயம் வினை என்பது கையால் செய்வது மாத்திரம் அன்று என்று கற்பிக்கிறது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினாலும் வினை ஈட்டப்படுகிறது. வாக்கினால் செய்யும் வினையில் தீயதைப் பேசுவது ஒரு பாதி. பேசவேண்டிய இடத்தில் பேசாதிருப்பது மறு பாதி. பாம்பு கிடக்கிற பாதையில் ஒருவன் கால் வைக்கப் போகிறான். பார்த்துக்கொண்டு நிற்பவன் பாம்பை அங்கே போட்டவன் அல்லன். ஆனால் "நில்" என்று சொல்லாதவனைக் குற்றமற்றவன் என்று எந்த மனச்சாட்சி ஏற்கும்?

ஆகவே இரண்டையும் வேறுபடுத்திக் கொள்வோம். விபத்துக்கான பழி சாரதியுடையது. அதைப் பின்னால் இருந்தவன் தலையில் சுமத்துவது கொடுமை. ஆனால் சொல்லவேண்டிய கடமை பின்னால் இருந்தவனுடையது. பழி வேறு, கடமை வேறு. பழியில்லை என்பதற்காகக் கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.

எல்லாளன் தேரில் இருந்து இறங்கிய கதை

தேர், சில்லு, மாடு என்று சொல்லும்போது மனுநீதிச் சோழன் கதை நினைவுக்கு வராமல் இராது. திருவாரூர் வீதியில் இளவரசன் ஓட்டிச் சென்ற தேரின் சில்லில் ஒரு பசுக்கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இறைவன் காட்சி கொடுத்து இறந்தோரை எழுப்பினார். பெரிய புராணம் கூறும் இவ்வரலாற்றைச் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். நீதி வழுவாத மன்னனைப் போற்றுகிறோம். ஆனால் அந்த இளவரசன் தனியே போகவில்லை. பரிவாரங்கள் சூழவே போனான். "இளவரசே, சற்று மெதுவாக" என்று அவர்களில் ஒருவராவது சொன்னதாகக் கதையில் இல்லை. கன்று திடீரெனப் பாய்ந்தது, எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை என்பது உண்மைதான். ஆயினும் அரசகுமாரன் ஓட்டும் தேரில் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும் என்ற எண்ணமும் எழாமல் இல்லை.

எமது நாட்டிலே இதே கதை எல்லாள மன்னனைப் பற்றியும் வழங்குகிறது. பாலி மொழி நூலாகிய மகாவம்சம், அவன் அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், நண்பரென்றும் பகைவரென்றும் பாராமல் நீதி செலுத்தினான் என்றும் கூறுகிறது. திசவாவிக்குத் தேரில் சென்ற அவனுடைய மகன், வழியில் தாயோடு படுத்திருந்த இளங்கன்றின்மேல் சில்லை ஏற்றிவிட்டான். பசு மணியை அசைக்க, மன்னன் அதே சில்லினால் மகனுக்குத் தண்டனை கொடுத்தான் என்பது அந்நூல் தரும் செய்தி.

பலரும் அறியாத இன்னொரு செய்தியும் அதே நூலில் உண்டு. எல்லாளன் ஒருநாள் பிக்குகளை அழைப்பதற்காகச் சேதிய மலைக்குத் தேரில் போனான். தேரின் நுகத்தடி பட்டு ஒரு தூபியின் கற்கள் சிதைந்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை. உடன் வந்த அமைச்சர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தூபி உங்களால் சேதமாயிற்று என்று நேரே சொன்னார்கள். மன்னன் கோபிக்கவில்லை. அறியாமல் நடந்ததுதானே என்று சமாதானமும் சொல்லவில்லை. தேரிலிருந்து இறங்கி வீதியில் படுத்து, தேர்ச் சில்லினால் என் தலையைத் துண்டியுங்கள் என்றான். பிறரைத் துன்புறுத்துவதைப் புத்தர் விரும்பமாட்டார், தூபியைத் திருத்தினால் போதும் என்று அமைச்சர்கள் ஆற்றினார்கள். பெயர்ந்தவை 15 கற்களே. அவற்றைத் திருத்த 15,000 காசு செலவிட்டான் என்கிறது மகாவம்சம்.

சைவனான ஒரு தமிழ் மன்னன் பிற சமயச் சின்னத்துக்குக் கொடுத்த மதிப்பைக் காட்டவே இக்கதையைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்வர். நான் இங்கே பார்ப்பது வேறொன்று. தேரை ஓட்டுவிப்பவன் மன்னனே ஆயினும் உடன் வருபவர் பிழையைச் சொன்னார்கள். சொன்னபோது அவன் கேட்டான். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நீதி நிலைத்தது.

ஏன் வாய் திறப்பதில்லை?

எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால், வாய் திறவாமைக்குப் பல காரணங்களைச் சொல்வார்கள். எதுவும் அற்பமானதன்று. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது வெட்கம். பயப்படுகிறான் என்று நாலுபேர் சிரிப்பார்கள் என்ற எண்ணம். இளமையில் மரண பயத்தைவிடச் சிரிப்புக்குப் பயம் அதிகம். அதைக் குறை கூறிப் பயனில்லை, நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நான்கு பேர் செல்லும் வானில் நால்வருக்குமே பயம் இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். முதலில் சொல்பவனே அங்கே துணிந்தவன்.

இரண்டாவது நன்றி. "சும்மா ஏற்றிக்கொண்டு போகிறான், அவனுக்குப் புத்தி சொல்லலாமா?" என்பது. செய்ந்நன்றி மறவாமை எங்கள் பண்பாட்டில் ஊறியது. ஆனால் நன்றிக்கடன் என்பது அவனுடைய தவறுக்கு நான் மௌனமாய் ஒப்பம் இடுவதா? எனக்கு வண்டியில் இடம் தந்தவனை உயிரோடு வீடு சேர்ப்பதைவிடப் பெரிய கைம்மாறு ஏது?

மூன்றாவது மரியாதை. ஓடுபவர் மூத்தவர், அண்ணன் முறையானவர், மாமன் முறையானவர். சின்னப்பிள்ளை எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை உறவினர் பதினைந்து பேர் வானொன்றில் யாத்திரை சென்றோம். வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். பயணம் நல்லபடி அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வாய் ஈரம் காயுமுன்னரே, சாரதியாக இருந்த உறவுக்காரப் பெடியன் ஒரு கையில் கைத்தொலைபேசியை வைத்துக் கதைத்தபடி முன்னே சென்ற பஸ்ஸை முந்தத் தொடங்கினான். நான் கண்டேன். என் மனைவி கண்டாள். இரண்டு ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்கள் கண்டார்கள். ஒருவரும் மூச்சுவிடவில்லை. முன் ஆசனத்துக்குப் பின்னால் இருந்த பத்து வயதுப் பேத்திதான் கையை நீட்டினாள். "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. போனை என்னட்டைத் தாங்கோ, நான் கதைக்கிறன்." அவன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான். பிறகு ஊர் வந்து சேரும்வரை அந்தப் போன் அவள் கையிலேயே இருந்தது.

அறுபது வயதைக் கடந்த நாங்கள் வெட்கித் தலைகுனிந்த தருணம் அது. பெரியவர் முன் வாய் காட்டாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பழக்கமே ஒருநாள் அவர்கள் உயிர்காக்கும் சொல்லையும் தொண்டைக்குள் நிறுத்திவிடக்கூடும். பணிவும் மௌனமும் ஒன்றல்ல. அவள் பேசியதில் பணிவுக்கு ஒரு குறையும் இல்லை.

நான்காவது, விதி. "போற உயிர் வீட்டுக்குள்ளை இருந்தாலும் போகும்" என்பது செத்தவீடுகளில் கேட்கும் பேச்சு. துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக அதைச் சொல்லலாம். புறப்படும் முன்னர் சாட்டாகச் சொல்லலாகாது. முன்வினைப் பயனாகிய பிராரத்தத்தை அனுபவித்தே தீரவேண்டும் என்று சொல்லும் சித்தாந்தமே, இப்போது செய்யும் செயலால் ஆகாமியம் ஏறுகிறது என்றும் சொல்கிறது. விதியை நம்புகிறவன் அடுப்பைத் திறந்துவிட்டுக் குழந்தையை அருகில் விட்டுச் செல்வதில்லை. வீதியில் மாத்திரம் ஏன் அந்த நம்பிக்கை?

"ஞானசம்பந்தப் பிள்ளையார் நாளும் கோளும் பாராமல் மதுரைக்குப் போகவில்லையா?" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. திருமறைக்காட்டில் அவர் புறப்படும்போது, கோள்நிலை நன்றாக இல்லை, அங்குள்ளோர் தீங்கு செய்யக்கூடியவர் என்று அப்பர் சுவாமிகள் தடுத்துச் சொன்னார். பாதி நட்பும் பாதி தந்தைமையுமாகிய அன்பே அவரைச் சொல்ல வைத்தது. சம்பந்தர் அதைக் கிண்டல் செய்யவில்லை. இறைவன் திருவருளை எண்ணிக் கோளறு பதிகம் பாடி விடையளித்தார். சிவத்தொண்டு ஒன்று அவரை அழைத்தது. வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்க அவர் போகவில்லை. அங்கும்கூட, ஆபத்தைக் கண்ட அன்பர் மௌனமாக இருக்கவில்லை என்பதே நாம் பார்க்கவேண்டியது.

ஒரு சொல் என்ன செய்யும்?

வேகத்தின் கணக்கு எளிமையானது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 11 மீற்றர் கடக்கும். 80 கிலோமீற்றரில் 22 மீற்றர். மாட்டைக் கண்டு பிறேக்கை அழுத்துவதற்கே ஒரு விநாடி அளவில் போய்விடும். அழுத்தியபின் நிற்பதற்கு வேண்டிய தூரம், வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். மோதும் சக்தியும் நான்கு மடங்கே. எங்கள் இளமையில் டைனமோ வெளிச்சத்தில் டபிள் போன சைக்கிளும், தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய மோட்டார் சைக்கிளும், குழி விழுந்த வீதியும் எங்களைத் தாமாகவே காத்தன. இன்று வீதியும் வண்டியும் திருந்திவிட்டன. காவல் எங்கள் வாயில்தான் இருக்கிறது.

உலகளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள் என்றும், 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு முதற் காரணம் இதுவே என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. எமது சிறிய நாட்டிலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் வீதியில் போகின்றன.

இளம் சாரதியின் வாகனத்தில் ஒத்த வயதினர் ஏறும் தொகை கூடக்கூடச் சாரதி இறக்கும் அபாயமும் கூடுகிறது என்பதை அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. முதிர்ந்தவர் ஒருவர் உடனிருந்தால் அபாயம் குறைகிறது என்பதையும் பின்னைய ஆய்வுகள் காட்டின. நியூசிலாந்து 1987ஆம் ஆண்டிலேயே புதிய இளம் சாரதிகள் ஆட்களை ஏற்றுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இதை இளைஞர்கள் தங்களுக்கு இழிவென்று எண்ணத் தேவையில்லை. உடன் இருப்பவர் ஓட்டத்தை மாற்றுகிறார் என்பதே இதன் பொருள். வேகத்தைக் கூட்ட வைக்கும் வலிமை உனக்கு இருக்குமானால், குறைக்க வைக்கும் வலிமையும் உனக்கே உண்டு.

இதற்கு ஒரு சான்று ஆபிரிக்காவிலிருந்து கிடைத்திருக்கிறது. கென்யா நாட்டில் "மட்டாட்டு" எனப்படும் மினிபஸ்கள் எங்கள் தனியார் பஸ்களைப் போலவே போட்டி போட்டு ஓடுபவை. 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மினிபஸ்களைத் தெரிந்து, அவற்றில் ஒரு பகுதிக்கு உள்ளே ஒட்டுத்தாள்களை ஒட்டினார்கள். சாரதி கண்மண் தெரியாமல் ஓடினால் சும்மா இராதீர்கள், வாய் திறந்து சொல்லுங்கள் என்று பயணிகளைத் தூண்டும் வாசகங்கள் அவ்வளவுதான். அந்த மினிபஸ்களின் விபத்துக் காப்புறுதிக் கோரிக்கைகள் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்துவிட்டன. புதிய சட்டமில்லை, பொலிஸ் இல்லை. பயணிகளின் வாய் மட்டுமே.

எப்படிச் சொல்வது?

நட்பு வெறுமனே கூடிச் சிரிப்பதற்காக ஏற்பட்டதன்று, நண்பன் எல்லை கடக்கும்போது முன்சென்று கண்டிப்பதற்காகவே ஏற்பட்டது என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்து. அதே வள்ளுவர் இனிய சொல் இருக்கக் கடுஞ்சொல் பேசுவதையும் விரும்பாதவர். இரண்டும் முரணல்ல. கண்டிப்பது கருத்தில் இருக்கட்டும், இனிமை சொல்லில் இருக்கட்டும்.

"உனக்கு ஓடத் தெரியாது" என்றால் எந்த இளைஞனுக்கும் கோபம் வரும். கோபம் வந்தால் முறுக்கிக் காட்டுவான். "எனக்குப் பயமா இருக்கு மச்சான், கொஞ்சம் மெல்லமாப் போ" என்றால் அவனுடைய திறமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தச் சிறுமி செய்ததும் இதுவே. பிழை கூறாமல் தன் பயத்தைக் கூறினாள், கூடவே ஓர் உதவியையும் நீட்டினாள். "போனை நான் பார்க்கிறன்", "நித்திரை வருதெண்டால் தேத்தண்ணிக் கடையிலை நிப்பாட்டு", "இண்டைக்கு நீ குடிச்சிருக்கிறாய், திறப்பைத் தா, வண்டி இங்கை நிக்கட்டும்" என்று சொல்லலாம். புறப்பட்டபின் சொல்வதிலும் புறப்படுமுன் சொல்வது எளிது. தனியே சொல்வதிலும் இருவர் சேர்ந்து சொல்வது எளிது. தலைக்கவசம் இரண்டாவது இல்லையென்றால் இரண்டாமவர் ஏறுவதில்லை என்று நண்பர் கூட்டமே முடிவு செய்துகொள்வது எல்லாவற்றிலும் எளிது.

சொல்லியும் கேளாவிட்டால்?

இதுதான் கடினமான இடம். இராமாயணத்தில் இராவணனுக்கு நல்லது சொன்னோர் மூவரை எண்ணிப் பாருங்கள். மாரீசன் முதலில் தடுத்துச் சொன்னான், இராவணன் மிரட்டியதும் பொன்மானாகிப் போய் மாண்டான். கும்பகருணன் இடித்துச் சொன்னான், கேளாதபோதும் அண்ணனைப் பிரியாது போர்க்களம் சென்று மடிந்தான். வீடணன் சொன்னான், கேளாதபோது வெளியேறினான்.

கும்பகருணனுடைய செஞ்சோற்றுக் கடனை எங்கள் பட்டிமன்றங்கள் இன்னமும் போற்றுகின்றன. நானும் அவனுக்காகக் கண்ணீர் விட்டவனே. ஆனால் நள்ளிரவில், குடிபோதையில் இருக்கும் நண்பனின் வண்டியில் ஏறுவதற்கு அவனை உதாரணம் காட்ட முடியாது. கும்பகருணன் தன் துணையால் அண்ணனுக்கு ஒரு பயனாவது இருக்கும் என்று எண்ணினான். வண்டியில் உடனிருந்து உயிர்விடுவதால் நண்பனுக்கு என்ன பயன்? எங்கள் இருப்பே அவனுடைய துணிச்சலுக்கு எண்ணெய் ஊற்றும். பலர் பின்னால் இருந்து பயணம் போவது மாரீசனைப் போலத்தான். மனம் ஒப்பவில்லை, வாய் ஒருமுறை சொன்னது, மிரட்டலுக்கோ கேலிக்கோ பயந்து உடன் போனார்கள்.

இறங்கிவிடுவது நட்பை முறிப்பதாகத் தோன்றும். உண்மையில் அது கடைசி முட்டுக்கட்டை. "நீ இப்படி ஓடினா நான் இறங்கி நடக்கிறன்" என்று ஒருவன் சொல்லி, இறங்கியும் விட்டால், ஓடுபவன் அரை மைல் போவதற்குள் யோசிப்பான். யோசிக்காமலும் போகலாம். அப்படியானால் உடனே அவன் வீட்டாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பதைக் கோள் சொல்வதாக எண்ண வேண்டாம். நாளை அவன் உன்னோடு கோபமாக இருக்கட்டும். கோபித்துக்கொள்ள அவன் உயிரோடு இருப்பான். சமாதானம் செய்ய உனக்கு நாட்கள் இருக்கும்.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரவு ஒரு மணிக்குப் பிள்ளை அழைத்து, "அப்பா, நான் இறங்கிட்டன், வந்து ஏத்துங்கோ" என்றால், எங்கே போனாய், யாரோடு போனாய் என்ற விசாரணையை மறுநாளுக்கு வைத்துக்கொள்வோம். அன்றிரவு ஏச்சு விழுமென்று தெரிந்த பிள்ளை, அடுத்தமுறை இறங்கமாட்டான். 18 வயது நிரம்பாத, அனுமதிப்பத்திரம் பெறாத பிள்ளையின் கையில் வண்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு, நண்பர்கள் தடுக்கவில்லையே என்று குறைசொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

கைபிடியில் கை வைத்திருப்பவனுக்கு

இறுதியாக, ஓடுகின்ற பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. பின்னால் இருப்பவன் "மெல்லமா" என்று சொல்வது உன்னை அவமதிப்பதன்று. தன் உயிரை உன் கையில் தந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அதைவிட மேலான நம்பிக்கை வேறில்லை. குறை சொல்ல ஆளில்லாத அரசன் பகைவர் இல்லாமலே அழிந்துபோவான் என்ற கருத்தும் வள்ளுவருடையதே. மன்னன் எல்லாளன் அமைச்சர் சொல்கேட்டுத் தேரை நிறுத்தி மண்ணில் இறங்கினான். அதனால் அவன் சிறுத்துவிடவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவனைப் பற்றிப் பேசுகிறோம்.

பரிபாலன சபையினரிடமும் குருக்கள் ஐயாவிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். எங்கள் ஆலய வாசலில் புதிய வண்டிக்குப் பூசை செய்யும்போது, வண்டிக்காரப் பிள்ளையோடு அவனுடைய நெருங்கிய நண்பர்களையும் அழைத்து நிறுத்துவோம். எலுமிச்சம்பழத்தின்மேல் சில்லு ஏறுமுன்னர், அவன் பிள்ளையாரைச் சாட்சியாக வைத்து அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். "நான் ஓடுறது பயமா இருந்தால் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன், நிப்பாட்டுவன்." ஒரு நிமிடம்கூட எடுக்காது. ஆனால் அந்த நள்ளிரவில், அந்தச் சந்தியில், வாய்வரை வந்த சொல் வெளியே வருவதற்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கும்.

ஊன்றுகோலோடு வந்த அந்தப் பிள்ளை இப்போது நன்றாக நடக்கிறான். "சொல்லியிருந்தா கேட்டிருப்பான்" என்று இன்றும் சொல்கிறான். அந்தப் பாரம் எங்கள் ஊரில் இன்னொரு பிள்ளையின் நெஞ்சில் ஏறாதிருக்கட்டும். விக்கினங்களைத் தீர்க்கும் விநாயகப் பெருமான், எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய இடத்தில் சொல்லும் துணிவையும், சொன்னபோது கேட்கும் மனத்தையும் தந்து, வீதியில் போகும் எல்லோரையும் வீடு சேர்த்தருள வேண்டுமென்று அவன் திருவடிகளைப் பிரார்த்தித்து அமைகின்றேன்.

சுபம்.